மெனு பாரில் குவியும் நெட்வொர்க் ஐகான்கள்: எதை எடுக்கலாம், எதை விட்டு வைக்கணும்?

புது லேப்டாப்பில் திரையின் மேல் வலது பக்கம் நாலைந்து ஐகான்கள்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அங்கே ஒரு சந்தையே கூடியிருக்கும். வைஃபை, புளூடூத், ஏர்டிராப், ஆபீஸ் வி.பி.என்., எப்போதோ ஒரு தடவை இன்ஸ்டால் செய்த இலவச வி.பி.என்., நெட் வேகம் காட்டும் மீட்டர், கிளவுட் ஸ்டோரேஜ் ஆப் என்று வரிசை நீளும். இதில் பாதியை நாம் தொட்டதே இல்லை.

"எல்லாத்தையும் தூக்கிடலாமா?" என்று தோன்றுவது நியாயம்தான். தூக்குவதும் சுலபம், அரை நிமிட வேலை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஐகான் போனதும் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கனெக்‌ஷனும் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். அது போகாது. ஆபீஸ் வி.பி.என். ஓடிக்கொண்டேயிருக்கும். இரவில் நீங்கள் பார்க்கும் சொந்த வேலைகள்கூட ஆபீஸ் நெட்வொர்க் வழியாகப் போகலாம். வீட்டு வைஃபை கட்டாகி, லேப்டாப் தானாக போன் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொண்டு அன்றைய 1.5 ஜி.பி.யை ஒரே மீட்டிங்கில் முடித்திருக்கும். அதைச் சொல்ல அங்கே இருந்த ஐகானை நாம்தான் எடுத்திருப்போம்.

தேவையில்லாத நெட்வொர்க் ஐகான்களை எப்படி எடுப்பது, எதை எடுத்தால் நஷ்டமில்லை, எதை விட்டு வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் மேக், பிறகு விண்டோஸ்.

மூடுவது வேறு, நிறுத்துவது வேறு

கரன்ட் மீட்டரைத் துணி போட்டு மூடினால் பில் குறையாது. ஐகானும் அந்த மீட்டர் மாதிரிதான். அது நெட்வொர்க்கின் நிலையைக் காட்டும் முகம் மட்டுமே. அதனால், "இந்த ஐகான் வேண்டாம்" என்று சொல்லும்போது உண்மையில் மூன்று வேலைகளில் எதைச் செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஐகானை மறைப்பது. வைஃபை, வி.பி.என்., புளூடூத் எல்லாம் வழக்கம்போல ஓடும். கண்ணில் படாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, அந்த ஆப்பை மூடுவது. ஐகானும் போகும், ஆப்பும் நிற்கும். ஆனால் அடுத்த முறை லேப்டாப்பை ஆன் செய்யும்போது அது தானாக மறுபடி வந்து உட்காரலாம்.

மூன்றாவது, அமைப்பையே அழிப்பது. வி.பி.என். கான்ஃபிகரேஷன், நெட்வொர்க் எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் வேரோடு எடுப்பது.

வைஃபை ஐகானுக்கு முதல் வேலை போதும். கைவிட்ட இலவச வி.பி.என்.னுக்கு மூன்றாவது வேலைதான் சரி. பலர் இரண்டுக்கும் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

மேக்கில் அரை நிமிட வழி

ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் இருக்கும் கமாண்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மெனு பாரில் வேண்டாத ஐகானை மவுஸால் பிடித்து, கீழே திரையின் நடுப்பக்கம் இழுங்கள். ஐகான் பக்கத்தில் ஒரு சிறிய பெருக்கல் குறி தெரிந்ததும் விட்டுவிடுங்கள். ஐகான் காணாமல் போகும்.

இதே கமாண்ட் கீயைப் பிடித்தபடி பக்கவாட்டில் இழுத்தால் ஐகான்களின் வரிசையை மாற்றலாம். எடுக்க மனசில்லாத, ஆனால் அடிக்கடி பார்க்காத ஐகான்களை இடது ஓரத்துக்குத் தள்ளிவிடலாம்.

வைஃபை, புளூடூத், வி.பி.என். போன்ற ஆப்பிளின் சொந்த ஐகான்களுக்கு இந்த வழி வேலை செய்யும். வேறு நிறுவனங்களின் ஆப்களில் சிலதுதான் இதற்கு ஒத்துழைக்கும். மற்றவை நீங்கள் விட்டதும் துள்ளிப் பழைய இடத்துக்கே போய்விடும். அது உங்கள் தப்பில்லை. அந்த ஆப்பை உருவாக்கியவர்கள் அந்த வசதியைக் கொடுக்கவில்லை.

செட்டிங்ஸில் எங்கே இருக்கு?

ஆப்பிள் இந்த இடத்தைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் யூடியூபில் பார்த்த வழி உங்கள் மேக்கில் இல்லாமல் போகிறது. வெர்ஷன் வாரியாகப் பார்த்தால் இவ்வளவுதான்:

பழைய மேக்குகளில் சிஸ்டம் ப்ரிஃபரன்சஸுக்குள் நெட்வொர்க் பக்கத்துக்குப் போனால், ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் கீழே "மெனு பாரில் நிலையைக் காட்டு" என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். வைஃபைக்கு ஒன்று, வி.பி.என்.னுக்கு ஒன்று, பி.பி.பி.ஓ.இ.க்கு ஒன்று. டிக்கை எடுத்தால் ஐகான் போய்விடும்.

2020-ல் வந்த பிக் சர் வெர்ஷனில் கன்ட்ரோல் சென்டர் அறிமுகமானது. அப்போது இந்த அமைப்புகள் "டாக் அண்ட் மெனு பார்" பக்கத்துக்குப் போயின.

2022-ல் வந்த வென்ச்சுராவிலிருந்து, சிஸ்டம் செட்டிங்ஸ் → கன்ட்ரோல் சென்டர். மேலே வைஃபை, புளூடூத், ஏர்டிராப் என்று வரிசையாக இருக்கும். வைஃபைக்கு எதிரே "டோன்ட் ஷோ இன் மெனு பார்" என்று தேர்வு செய்தால் போதும். வி.பி.என். இந்த வரிசையில் இருக்காது. அதே பக்கத்தில் கீழே ஸ்க்ரோல் செய்து "மெனு பார் ஒன்லி" என்ற பகுதியில் தேட வேண்டும்.

2025-ல் வந்த டாஹோவில் மெனு பாருக்கென்றே தனிப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். சிஸ்டம் செட்டிங்ஸ் → மெனு பார். இதில் முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. மற்ற நிறுவனங்களின் ஆப்களுக்கும் "அலவ் இன் த மெனு பார்" என்ற பட்டியல் வந்திருக்கிறது. முன்பு துள்ளிப் பழைய இடத்துக்கே போன ஐகான்களை இங்கே சுவிட்சைத் தட்டி மறைக்கலாம்.

எந்த வெர்ஷன் என்று நினைவில்லையா? திரையின் இடது மூலையில் இருக்கும் ஆப்பிள் சின்னத்தைத் தட்டி "அபௌட் திஸ் மேக்" பாருங்கள். அதற்கும் பொறுமையில்லை என்றால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் மெனு பார் என்று ஆங்கிலத்தில் அடித்தாலே சரியான பக்கம் வந்து நிற்கும்.

நாட்ச் விழுங்கும் ஐகான்கள்

மெனு பாரைச் சுத்தம் செய்வது வெறும் அழகு விஷயமாகத்தான் ஒரு காலத்தில் இருந்தது. 2021 அக்டோபரில் 14 அங்குல, 16 அங்குல மேக்புக் ப்ரோக்கள் வந்தபோது அது மாறியது. திரையின் மேல் நடுவில் கேமராவுக்காக ஒரு நாட்ச் வந்தது. அடுத்த வருடம் எம்2 மேக்புக் ஏரிலும் அதே நாட்ச்.

மெனு பாரின் வலதுபக்க ஐகான்கள் கூடக் கூட, வரிசை இடது பக்கம் நகரும். நாட்ச்சைத் தொட்டதும் அதற்கு மேல் வரும் ஐகான்கள் கண்ணில் படாமல் போகும். விண்டோஸில் இருப்பது போல "இன்னும் இருக்கு" என்று காட்டும் அம்புக்குறி மேக்கில் கிடையாது. ஆபீஸ் வி.பி.என். ஆப் ஓடிக்கொண்டிருக்கும், ஐகானை மட்டும் காணோம். "ஆப் கிராஷ் ஆயிடுச்சு போல" என்று மறுபடி மறுபடி திறந்து பார்ப்பவர்கள் உண்டு.

அதனால் நாட்ச் இருக்கும் மேக்கில் தேவையில்லாத ஐகானை வைத்திருப்பது தேவையான ஐகானின் இடத்தைப் பறிக்கிற வேலை. எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

எதை எடுக்கலாம்? ஒவ்வொன்றாக

ஒரு ஐகானை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஒன்று: இதன் நிலை நான் சொல்லாமலேயே மாறுமா? இரண்டு: இந்தத் தகவல் திரையில் வேறு எங்காவது கிடைக்குமா? நிலை தானாக மாறும், வேறு எங்கும் தெரியாது என்றால் அந்த ஐகானை விட்டு வையுங்கள். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

*ஏர்டிராப், புளூடூத்:* தாராளமாக எடுக்கலாம். இரண்டும் கன்ட்ரோல் சென்டருக்குள் இருக்கின்றன, ஒரு தட்டுத் தூரம்தான்.

*பி.பி.பி.ஓ.இ., டேட்டா கார்டு:* யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து கம்ப்யூட்டரிலிருந்தே பிராட்பேண்டை டயல் செய்த காலத்து மிச்சம். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் ரவுட்டரே பார்த்துக்கொள்கிறது. யூ.எஸ்.பி. டேட்டா கார்டும் மேசை டிராயரில் தூங்குகிறது. பழைய மேக்கிலிருந்து புது மேக்குக்கு எல்லாவற்றையும் அப்படியே மாற்றும்போது இந்த ஐகானும் கூடவே வந்துவிடலாம். ஐகானை எடுப்பதோடு நிற்காமல், நெட்வொர்க் பக்கத்தில் அந்த சர்வீஸையே நீக்கிவிடுங்கள்.

*கேபிளில் நெட் பயன்படுத்துபவர்களின் வைஃபை ஐகான்:* ஆபீஸ் மேசையில் லேன் கேபிள் போட்டு, வைஃபையை ஆஃப் செய்து வேலை பார்ப்பவர்களுக்கு மேக் ஒரு விசித்திரமான காட்சி தரும். நெட் பறந்துகொண்டிருக்கும், ஆனால் மேலே வைஃபை ஐகான் குறுக்குக்கோடு போட்டு "ஆஃப்" என்று நிற்கும். மேக்கில் ஈத்தர்நெட்டுக்கென்று மெனு பார் ஐகான் கிடையாது. எப்போதும் கேபிள்தான் என்றால் இந்த ஐகானால் பயனில்லை. எடுத்துவிடலாம்.

*வைஃபையில் இருப்பவர்களின் வைஃபை ஐகான்:* இதை விட்டு வைப்பது நல்லது. கன்ட்ரோல் சென்டரில் வைஃபை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே நீங்களாகப் போய்த் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஐகானோ தன் உருவத்தை மாற்றிப் பேசும். குறுக்குக்கோடு இருந்தால் வைஃபை ஆஃப். ஆச்சரியக்குறி இருந்தால், ரவுட்டர் வரை போகிறது, அதற்கு மேல் இன்டர்நெட் இல்லை. அப்படியானால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து நேரம் கழிக்க வேண்டாம், பிரச்சினை ரவுட்டர் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வளையங்கள் கோர்த்த மாதிரி இருந்தால், ஐபோனின் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறீர்கள்.

இந்தக் கடைசிக் குறி பணம் சம்பந்தப்பட்டது. தினசரி டேட்டா பிளானில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலை பார்ப்பவர்களுக்கு, ஒரு மணி நேர வீடியோ கால் 1 ஜி.பி. அளவுக்கு இழுக்கலாம். ஒரு மேக் ஓஎஸ் அப்டேட் என்றால் பல ஜி.பி. ஒரு எச்சரிக்கை: ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால் இந்த வளையம் வராது. சாதாரண வைஃபை ஐகான்தான் தெரியும். அதனால் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் ஐகானை நம்பாமல் முன்கூட்டியே ஒன்று செய்துவிடலாம். வைஃபை செட்டிங்ஸில் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் "டீடெய்ல்ஸ்" பட்டனைத் தட்டி, "லோ டேட்டா மோட்" ஆன் செய்யுங்கள். பின்னணியில் நடக்கும் தேவையற்ற டவுன்லோடுகளை மேக் குறைத்துக்கொள்ளும்.

*வி.பி.என்.:* எரிச்சல் தருகிற ஐகான், ஆனால் கடைசியாக எடுக்க வேண்டிய ஐகானும் இதுதான். காரணம், வைஃபைக்கு கன்ட்ரோல் சென்டர் என்ற மாற்று வழி இருக்கிறது. சிக்கோயா வெர்ஷன் வரை கன்ட்ரோல் சென்டரில் வி.பி.என்.னுக்கு இடமே கிடையாது. ஐகானை எடுத்துவிட்டால், செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினால் தவிர வி.பி.என். ஆனில் இருக்கிறதா என்று தெரியாது. சில வி.பி.என்.கள் தேவைப்படும்போது தாங்களாகவே இணைந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதாவது, நிலை தானாக மாறும், வேறு எங்கும் தெரியாது. நம் இரண்டு கேள்விக்கும் இந்த ஐகான் "இரு" என்றுதான் பதில் சொல்கிறது.

இது இல்லாமல் என்ன ஆகும்? நெட் பேங்கிங் தளம் "உங்கள் இடம் சரியில்லை" என்கிற மாதிரி மறுக்கும்போது காரணம் புரியாது. நெட் மெதுவாக இருக்கும்போது ரவுட்டரைத் திட்டுவோம், உண்மையில் எல்லாம் வேறு ஊர் சர்வரைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். ஆபீஸ் வி.பி.என். என்றால், சொந்த வேலையும் நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாகப் போகலாம். ஒரு சின்ன ஐகான் இடத்தைச் சேமிக்க இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

கைவிட்ட வி.பி.என்.னை வேரோடு எடுப்பது எப்படி?

வேண்டாத வி.பி.என். என்றால் கதை வேறு. அதை மறைக்கக் கூடாது, அகற்ற வேண்டும். வரிசை முக்கியம்:

1. ஆப்பைத் திறந்து முதலில் டிஸ்கனெக்ட் செய்யுங்கள். பிறகு அதன் மெனுவிலேயே "குயிட்" கொடுங்கள்.

2. ஆப்புடன் தனி அன்இன்ஸ்டாலர் வந்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரிலிருந்து குப்பைத்தொட்டிக்கு இழுங்கள். அந்த ஆப்பிடம் சிஸ்டம் எக்ஸ்டென்ஷன் இருந்தால், அதையும் சேர்த்து நீக்கவா என்று மேக் கேட்கும். சம்மதம் கொடுங்கள்.

3. சிஸ்டம் செட்டிங்ஸ் தேடலில் வி.பி.என். என்று அடித்து அந்தப் பக்கத்தைத் திறங்கள். ஆப் போன பிறகும் அதன் பெயரில் கான்ஃபிகரேஷன் தங்கியிருந்தால், தகவல் பட்டனைத் தட்டி நீக்கிவிடுங்கள்.

4. ஜெனரல் → லாகின் ஐட்டம்ஸ் பக்கத்தில், பின்னணியில் ஓட அனுமதி பெற்ற பட்டியலைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருந்தால் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் வி.பி.என்., பாதுகாப்பு ஆப்களை ஐ.டி. பிரிவு தூரத்திலிருந்தே நிர்வகிக்கும். சில சுவிட்சுகள் சாம்பல் நிறத்தில் பூட்டியிருக்கும். பூட்டாமல் இருந்தாலும், நீக்குவது நிறுவனத்தின் விதிக்கு எதிராக இருக்கலாம். ஐகான் தொந்தரவு என்றால் ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

விண்டோஸில் என்ன வழி?

விண்டோஸில் இதெல்லாம் கீழே, டாஸ்க்பாரின் வலது மூலையில். மைக்ரோசாஃப்ட் நீண்ட காலம் அதை "நோட்டிஃபிகேஷன் ஏரியா" என்றே அழைத்துவந்தது. ஊரே "சிஸ்டம் ட்ரே" என்றது. கடைசியில் விண்டோஸ் 11 செட்டிங்ஸிலும் "சிஸ்டம் ட்ரே" என்றே எழுதிவிட்டார்கள்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் → பர்சனலைசேஷன் → டாஸ்க்பார் → "அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்" என்ற பட்டியலில் மற்ற ஆப்களின் ஐகான்களை ஆன், ஆஃப் செய்யலாம். ஆஃப் செய்தவை மேல்நோக்கிய அம்புக்குறிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மவுஸால் பிடித்து அந்த அம்புக்குறிக்குள் போட்டாலும் சரிதான்.

ஆனால் நெட்வொர்க், ஒலி, பேட்டரி மூன்றும் விண்டோஸ் 11-ல் ஒரே கட்டாகக் கட்டப்பட்டவை. இதில் நெட்வொர்க் ஐகானை மட்டும் தனியாக எடுக்க செட்டிங்ஸில் வழி கிடையாது. விண்டோஸ் 10-ல் அந்த வசதி இருந்தது: டாஸ்க்பார் அமைப்பில் "டர்ன் சிஸ்டம் ஐகான்ஸ் ஆன் ஆர் ஆஃப்" பக்கத்தில் நெட்வொர்க் சுவிட்சை ஆஃப் செய்தால் போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எடுக்க முடியாததில் ஒரு லாபமும் இருக்கிறது. 2023-லிருந்து விண்டோஸ் 11-ல், விண்டோஸுக்குத் தெரிந்த வி.பி.என். இணைந்திருந்தால் நெட்வொர்க் ஐகான் மேலேயே ஒரு சின்னக் கேடயம் தோன்றும். தனி ஐகான் தேவையில்லாமலே நிலை தெரிந்துவிடும். உருண்டை குளோப் ஐகான் வந்தால் இணைப்பில்லை அல்லது இன்டர்நெட் இல்லை என்று அர்த்தம். ஹாட்ஸ்பாட்டில் டேட்டாவைக் காப்பாற்ற, அந்த வைஃபையின் ப்ராப்பர்டீஸில் "மீட்டர்டு கனெக்‌ஷன்" ஆன் செய்துகொள்ளலாம்.

ஐகானுக்கு எப்படித் தெரியும், நெட் இருக்கா இல்லையான்னு?

இந்த ஐகான் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்று பார்த்தால் புரியும்.

நெட்வொர்க்கில் இணைந்ததும் விண்டோஸ், மைக்ரோசாஃப்டின் ஒரு சோதனை முகவரியிலிருந்து ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலைக் கேட்கும். அதில் எதிர்பார்த்த இரண்டு மூன்று வார்த்தைகள் அப்படியே வந்தால் "இன்டர்நெட் இருக்கு". வேறு ஏதாவது வந்தால், அல்லது எதுவுமே வராவிட்டால், "இல்லை". ஆப்பிள் கருவிகளும் இதே மாதிரிதான். ஆப்பிளின் ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் "சக்சஸ்" என்ற ஒரே வார்த்தை இருக்கிறதா என்று பார்க்கும். ரயில் நிலையத்திலோ ஹோட்டலிலோ இலவச வைஃபையில் இணைந்ததும் ஓ.டி.பி. கேட்கும் பக்கம் தானாக எழும்பி வருவது இந்தச் சோதனையால்தான். எதிர்பார்த்த வார்த்தைக்குப் பதில் லாகின் பக்கம் வந்துவிட்டது என்று கருவி கண்டுபிடித்துவிடுகிறது.

ஆக, ஐகான் காட்டுவது ஒரே ஒரு சோதனையின் முடிவு. அந்தச் சோதனையே தப்பினால்? 2020 மார்ச்சில் அதுதான் நடந்தது. ப்ராக்ஸி பயன்படுத்தும் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில், குறிப்பாக வி.பி.என். வழியாக வேலை செய்தவர்களிடம், இன்டர்நெட் இல்லை என்றோ குறைவாக இருக்கிறது என்றோ ஐகான் காட்டியது. உலகமே வீட்டிலிருந்து வேலைக்கு மாறிய நேரம் அது. டீம்ஸ், அவுட்லுக் போன்ற ஆப்கள்கூட இணைய முடியாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. மார்ச் 30-ம் தேதி, வழக்கமான மாதாந்திர அப்டேட்டுக்குக் காத்திருக்காமல் தனியாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. ஐகானுக்குப் போகும் அதே பதிலை ஆப்களும் நம்புகின்றன என்பது அப்போது பலருக்குப் புரிந்தது.

இதில் நமக்கான பாடம் எளிது. ஐகான் ஒரு நல்ல முதல் அறிகுறி. ஆனால் அது "இல்லை" என்றதும் முடிவுக்கு வர வேண்டாம். பிரவுசரில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் ரவுட்டர் பக்கம் போங்கள்.

ஐகானை மறைக்கத் தனி ஆப் வேண்டுமா?

மெனு பார் ஐகான்களைச் சுருட்டி வைக்கவே தனி ஆப்கள் இருக்கின்றன. மேக் பயனர்கள் மத்தியில் பல வருடங்களாகப் பிரபலமான பெயர் பார்டெண்டர். இந்த ஆப் "ஸ்க்ரீன் ரெக்கார்டிங்" அனுமதி கேட்கும். மெனு பாரில் இருக்கும் ஐகான்களைப் படமாக எடுத்துக் காட்டுவதற்காக அது தேவை என்பது விளக்கம். ஆனால் அந்த அனுமதி மெனு பாரோடு நிற்பதில்லை, திரை முழுவதற்கும் செல்லும்.

2024-ல் இந்த ஆப்பின் டிஜிட்டல் கையொப்பம் மாறியிருப்பதை, ஆப் அப்டேட்களைக் கண்காணிக்கும் மேக்அப்டேட்டர் என்ற இன்னொரு ஆப் கவனித்துத் தன் பயனர்களை எச்சரித்தது. பிறகுதான், சில மாதங்களுக்கு முன்பே பார்டெண்டர் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது என்பது வெளியே தெரிந்தது. புது உரிமையாளர் கெடுதல் செய்தார் என்பதல்ல இங்கே விஷயம். திரையையே பார்க்கும் அனுமதி கொண்ட ஒரு ஆப், நமக்குத் தெரியாமல் கை மாற முடியும் என்பதுதான் விஷயம்.

அதனால் ஆர்டர் இப்படி இருக்கட்டும். முதலில் கமாண்ட் கீயும் செட்டிங்ஸும். அதற்குப் பிறகும் நெரிசல் என்றால், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அனுமதி கேட்காத எளிய ஆப். ஹிடன் பார் அப்படிப்பட்ட ஒன்று. அது இலவசம், அதன் கோட் எல்லோரும் பார்க்கும்படி திறந்தும் இருக்கிறது. ஏற்கெனவே அனுமதி கொடுத்த ஆப்கள் எவை என்று பார்க்க, சிஸ்டம் செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் பட்டியலை இன்றே ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*எடுத்த ஐகானைத் திரும்பக் கொண்டு வரலாமா?*
கொண்டு வரலாம். எந்தப் பக்கத்தில் ஆஃப் செய்தீர்களோ அங்கேயே ஆன் செய்தால் போதும். கமாண்ட் கீயால் இழுத்துப் போட்டதும் அங்கே போய்ப் பார்த்தால் ஆஃப் ஆகியிருக்கும்.

*ஐகானை எடுத்தால் நெட் வேகம் கூடுமா?*
கூடாது. ஐகானை மறைப்பதால் வேகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. பின்னணியில் ஓடும் வி.பி.என்.னையோ கிளவுட் ஆப்பையோ உண்மையாகவே நிறுத்தினால் வித்தியாசம் தெரியலாம்.

*கன்ட்ரோல் சென்டர், கடிகாரம் இரண்டையும் எடுக்க முடியுமா?*
பிக் சர் வந்ததிலிருந்து இவை இரண்டும் நிரந்தரக் குடித்தனக்காரர்கள். கமாண்ட் கீயைப் பிடித்து இழுத்தாலும் வெளியே வராது.

*ஆப் மூடிய பிறகும் ஐகான் பேய் மாதிரி நிற்குது, என்ன பண்ணலாம்?*
ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து முதலில் அந்த ஆப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே நிறுத்தலாம். ஆப்பிளின் சொந்த ஐகானே சிக்கி நின்றால், அதே இடத்தில் கன்ட்ரோல் சென்டரைத் தேடி நிறுத்துங்கள். பயப்பட வேண்டாம், அது சில நொடிகளில் தானாகத் திரும்ப வந்துவிடும்.

*வைஃபை ஐகானை வைத்திருப்பதில் வேறு லாபம் உண்டா?*
ஒரு பெரிய லாபம் உண்டு. மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு வைஃபை ஐகானைத் தட்டிப் பாருங்கள். சாதாரணமாகத் தெரியாத விவரங்கள் எல்லாம் விரியும்: ஐ.பி. முகவரி, ரவுட்டர் முகவரி, சேனல், சிக்னல் அளவு. சிக்னலைக் குறிக்கும் ஆர்.எஸ்.எஸ்.ஐ. எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 50-க்குப் பக்கத்தில் என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 80-ஐ நெருங்கினால் வீடியோ கால் திணறும், ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். கஸ்டமர் கேரில் "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொல்வதைவிட, இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசினால் பிரச்சினை உங்கள் அறையிலா, வெளியே லைனிலா என்று முதலிலேயே தெளிவாகிவிடும்.

மெனு பாரைச் சுத்தம் செய்ய உட்காரும்போது ஏர்டிராப், புளூடூத், பழைய பி.பி.பி.ஓ.இ. எல்லாவற்றையும் யோசிக்காமல் எடுங்கள். வேண்டாத வி.பி.என்.னை ஐகானோடு விடாமல் ஆப்போடு அகற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வைஃபைக்கும், பயன்பாட்டில் இருக்கும் வி.பி.என்.னுக்கும் மட்டும் இரண்டு இடம் ஒதுக்கி வையுங்கள். நெட் நின்றுபோகும் நாளில் முதலில் தேடப்போவது அந்த இரண்டையும்தான்.